என் அண்ணன் இசையால் காடு காத்த கதை

என் அண்ணனுக்கு நகராட்சி ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு, தங்க நிற எழுத்தில், ‘இசையால் வனம் காத்தவர்’ என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை அவன் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்திருக்கிறான். தூசி தட்டப் போன அண்ணி ஒருமுறை அதை நேராக எடுத்து மாட்டிவிட்டார். அன்று முழுக்க அவன் அவரோடு பேசவில்லை. யாருடைய இசை, யார் காத்தது, எவ்வளவு வனம் என்று விவரமாகத் தெரிந்த ஆள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். விட்டால் பாடப்புத்தகத்திலேயே போட்டுவிடுவார்கள்.

ஊருக்கு மேற்கே மலை. மலை முழுக்கக் காடு. காட்டின் நடுவே ஒரு பாறைமேட்டில், நாலு இரும்புக் கால்களின் மேல் ஒரு தகர அறை நிற்கிறது. அங்கேதான் எனக்கு வேலை. வனத்துறையின் தீக்காவலர் என்று அடையாள அட்டையில் போட்டிருக்கிறது. கேட்க ஜோராக இருக்கும். வேலை என்னவோ, கோடை முழுவதும் பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு எங்கேயாவது புகை வருகிறதா என்று பார்ப்பது. புகை வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்பார்கள். வந்தால் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பார்கள்.

ஊருக்குள், நகராட்சிக் கட்டடத்தின் உச்சியில் மணிக்கூண்டு. நூற்று நாற்பத்திரண்டு படி. மேலே பதினோரு மணிகள் தொங்குகின்றன. அவற்றுக்குக் கீழே ஓர் அறையில், மேசை அகலத்துக்கு ஒரு மரச்சட்டமும் அதில் வரிசையாகக் கைப்பிடிகளும் இருக்கும். கைப்பிடியை முஷ்டியால் குத்தினால் கம்பி இழுபட்டு மேலே மணியின் நாக்கு அடிக்கும். பெரிய மணிக்கு மட்டும் காலால் மிதிக்க வேண்டும். குத்துவதும் மிதிப்பதும் என் அண்ணனின் உத்தியோகம். ஊரில் அவனுக்கு மணிக்காரர் என்றுதான் பெயர்.

எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு டெலிபோன் கம்பி உண்டு. காட்டை ஏழு பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். நான் புகையைப் பார்த்ததும் போனை எடுத்து எந்தப் பகுதி என்று சொல்வேன். அவன் பெரிய மணியை மூன்று தடவை அடித்து, கொஞ்சம் நிறுத்தி, சின்ன மணியில் அந்தப் பகுதியின் எண்ணை அடிப்பான். மூன்று பெரியது, இரண்டு சின்னது என்றால் இரண்டாம் பகுதியில் தீ. ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒரு டயர்க் கம்பு சாத்தியிருக்கும். நீளக் கம்பின் நுனியில் பழைய டயர்த் துண்டை அறைந்தது, தரையில் ஊரும் தீயை அடித்து அணைக்க. மணி கேட்டதும் தையல்காரர், ரொட்டிக்கடைக்காரர், வாத்தியார் எல்லோரும் அதைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் ஓடிவருவார்கள். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் ஐம்பது பேராவது வந்துவிடுவார்கள். வேறு தீயணைப்புப் படை எங்களுக்குக் கிடையாது. நான் பார்க்க வேண்டும், அவன் அடிக்க வேண்டும், ஊர் வர வேண்டும். மூன்றாவது நடக்காவிட்டால் முதல் இரண்டும் வெட்டிவேலை. காடு போய்விடும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பொறுப்பு என் அண்ணன் கையில் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வேறு எந்த வேலையும் அவனிடம் தங்கவில்லை, அதனால் வந்தது. முதலில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தான். எழுத்துப் பெட்டிகளில் தாளம் போட்டுப் போட்டு எழுத்தெல்லாம் கலந்துபோய், ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகனின் அப்பா பெயரில் நாலு கேள்விக்குறி விழுந்தது. அடுத்து பஸ் கண்டக்டர். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் புறப்படு. குழந்தைக்குக்கூடத் தெரியும். இவன் அந்த இரண்டுக்கு முன்னால் ஓர் இழுப்பும் பின்னால் ஒரு சுழிப்பும் சேர்த்து ஊதினான். டிரைவர் நிறுத்துவதா ஓட்டுவதா என்று புரியாமல் நடுச்சாலையில் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டாராம். மூன்றாவது மாதம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மணிக்கூண்டு. மணியடிக்கத் தெரிந்தால் போதும், அதில் என்ன பெரிய வில்லங்கம் வந்துவிடும் என்று அப்பா நினைத்தார். நல்ல மனுஷர்.

இருபத்தேழு வருஷம் மணிக்கு மணி அடித்தான். நடுநடுவே சொந்தமாகவும் ஏதாவது செய்து பார்ப்பான். ஒரு மழைக்காலத்தில் ‘தூறல்’ என்று ஒன்றைப் போட்டான். கடிகாரத்தில் பழுது என்று நகராட்சிக்கு ஒன்பது புகார் வந்தது. ‘மேகம்’ என்று இன்னொன்று. அதை யாருமே கவனிக்கவில்லை. புகாருக்கு அதுவே மேல் என்றார் அண்ணி. அவன் வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் சாப்பாட்டு மேசையில் கரண்டியால் மெல்லத் தட்டிவிட்டு, யாராவது நிமிர்ந்து பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். பாவமாக இருக்கும். சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கே பாவமாக இருக்கும்.

போன வருஷத் தொடக்கத்தில் நகராட்சித் தலைவருக்கு ஒரு ஞானோதயம் வந்தது. வனப் பாதுகாப்பு வாரம் கொண்டாட வேண்டும். பேச்சுப் போட்டி வைக்கலாம் என்றார்கள். அது அதற்கு முந்தின வருஷமே வைத்தாயிற்று. மரம் நடலாம் என்றார்கள். காடு நிறைய மரம் இருக்கும்போது எங்கே நடுவது என்று புரியவில்லை. கடைசியில் தலைவர் என் அண்ணனைக் கூப்பிட்டார்.

“மணிக்காரரே, காட்டைப் பத்தி மணியில ஒரு சங்கீதம் போடுங்க. கேட்டவுடனே ஜனங்களுக்குக் காட்டு மேல பாசம் பொங்கணும்.”

இருபத்தேழு வருஷத்தில் முதல்முறையாக ஒரு மனிதர் அவனிடம் ‘போடுங்க’ என்று கேட்கிறார். அவன் வீட்டுக்கு நடந்தா வந்தான்? பறந்து வந்தான்.

மறுநாளே என் தகர அறைக்கு வந்துவிட்டான். குடை, முழங்கால் வரை பூட்ஸ், நோட்டுப் புத்தகம், நாலு பென்சில், அட்டைப்பூச்சி ஒட்டாமல் இருக்க மருந்து. காட்டைக் கேட்கப் போகிறானாம். நாலு நாள் என் நாற்காலியில் அவன் உட்கார்ந்தான், நான் படியில் உட்கார்ந்தேன். நான் தண்ணீர் குடித்தால் “ஷ்ஷ்” என்பான். இரண்டாம் நாள் துள்ளி எழுந்தான்.

“கேட்டியா? மரங்கொத்தி! ஏழு தட்டு, ஒரு இடைவெளி, திரும்ப மூணு. என்ன ஒரு கணக்கு பாரேன்!”

அது என் கூரையில் ஆணி கழன்ற தகரம். மூன்று மாதமாகக் காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். இன்றைக்கும் ஊர் முழுக்க மரங்கொத்தி என்று சொக்கிப்போவது அந்தத் தகரத்தைக் கேட்டுத்தான்.

கடைசி நாள் எழுதி முடித்ததை மேசையில் விரலால் தட்டிக் காட்டினான். ‘காட்டின் குரல்’ என்று பெயர். நாலு பாகம். விடியல், மரங்கொத்தி, அபாயம், அமைதி. மூன்றாவது பாகத்தைத் தட்டியபோது எனக்குச் சுரீர் என்றது. மூன்று பெரியது, ஐந்து சின்னது. திரும்ப மூன்று பெரியது, ஐந்து சின்னது.

“அண்ணா, இது ஐந்தாம் பகுதியோட தீ மணி.”

“ஆமா. ஆறு வெச்சுப் பார்த்தேன், நொண்டுது. அஞ்சுதான் தாளத்துக்கு உட்காருது.”

“இது பாட்டு இல்லண்ணா! இதைக் கேட்டா ஜனங்க ஓடிவரணும்.”

“அதுக்குத்தானே வெச்சிருக்கேன்? கேக்கறவனுக்கு நெஞ்சு பதறணும்.”

“பதறி ஓடிவந்து ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சவன் அடுத்த தடவை பதறுவானா?”

“காட்டோட கதறல் இல்லாம காட்டைப் பத்தி என்னத்தப் போடறது? தலைவரே கேட்டிருக்கார். நீ புகையைப் பாரு, பாட்டை நான் பாத்துக்கறேன்.”

நான் வனத்துறை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “உங்க அண்ணன் மேல உங்களுக்கு ஏதாவது மனஸ்தாபமா?” என்று கேட்டார். அதோடு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. இன்றைக்கு வரைக்கும் அதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அரங்கேற்றம் ஒரு ஞாயிறு மாலை. நகராட்சி முன்னால் நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. எனக்கும் அன்றைக்கு விடுப்பு, முன்வரிசையில் இருந்தேன். விடியல் முடிந்தது, தகரம் முடிந்தது. மூன்றாம் பாகம் தொடங்கியதும் தையல்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வீட்டைப் பார்க்க ஓடினார். அவர் பின்னால் ஏழெட்டுப் பேர் ஓடினார்கள். நாலு நிமிஷத்தில் டயர்க் கம்போடு இரைக்க இரைக்கத் திரும்பி வந்தால், மணிக்கூண்டில் ‘அமைதி’ ஓடிக்கொண்டிருக்கிறது, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. தலைவர் மேடையிலிருந்தே, “தம்பி, அது சங்கீதம்யா, உக்காரு!” என்றார். தையல்காரர் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காது வரை சிவந்துவிட்டது அந்த மனிதருக்கு. இருபது வருஷமாக எந்தத் தீயிலும் முதல் ஆளாக வந்து நின்றவர் அவர். அவரைப் பார்த்துத்தான் ஊர் சிரித்தது.

அண்ணனைத் தோளில் தூக்காத குறை. வாரம் முழுக்க தினமும் மாலை ஐந்து மணிக்கு வாசிக்கச் சொன்னார்கள். வாரம் முடிந்தும் நிறுத்தவில்லை. மக்கள் விருப்பமாம், நகராட்சி தீர்மானமே போட்டுவிட்டது. ஐந்து மணி அடித்ததும் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர்கள் அந்தத் தாளத்தில் பிசைந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பெஞ்சில் அடித்தார்கள். மூன்று பெரியது, ஐந்து சின்னது. தையல்காரர் மெஷின் மிதிப்பதுகூட அதே கணக்கில்தான் என்று அண்ணி சொன்னார். காட்டு மேல் பாசம் பொங்கியதோ இல்லையோ, பாட்டு மேல் பொங்கி வழிந்தது. அண்ணன் தெருவில் நடந்தால் ஆட்கள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தட்டுவதை நிறுத்திவிட்டான், தட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லையே.

பிறகு கோடை வந்தது. அந்த வருஷம் இலைச்சருகு முழங்கால் அளவுக்குக் கிடந்தது. ஒரு வியாழக்கிழமை, மணி மூன்றே முக்கால். ஐந்தாம் பகுதியின் தெற்கு ஓரத்தில் மெல்லிய புகை. காற்று மேட்டைப் பார்த்து வீசுகிறது. போனை எடுத்தேன்.

“அஞ்சு.”

“அஞ்சா?” என்றான். குரல் இறங்கிவிட்டது.

“அஞ்சுதான். அடி.”

அடித்தான். அங்கிருந்தே எனக்குக் கேட்டது. மூன்று பெரியது, ஐந்து சின்னது. நான் பைனாகுலரை மலைப்பாதைக்குத் திருப்பிக் காத்திருந்தேன். ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து ஆயிற்று. பாதையில் ஒரு ஈ காக்கை இல்லை. பைனாகுலரைத் தெருப்பக்கம் திருப்பினேன். ரொட்டிக்கடை வாசலில் ஆட்கள் டீ டம்ளரோடு நின்று மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் தலையைக்கூட ஆட்டினான். திரும்ப போனை எடுத்தேன்.

“என்னண்ணா, ஒருத்தரும் வரலையே!”

“அடிச்சிட்டேதான் இருக்கேன்! போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு அடிக்கறேன்!”

“ரசிக்கறாங்கண்ணா! நின்னு ரசிக்கறாங்க!”

போனைப் போட்டுவிட்டு நான் டயர்க் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினேன். ஒருத்தி, ஒரு கம்பு. என்ன செய்ய முடியும் என்று யோசிக்கவில்லை, யோசித்திருந்தால் ஓடியிருக்க மாட்டேன்.

கூண்டில் நடந்தது அண்ணி சொல்லித்தான் தெரியும். பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு படியேறி வந்தவர், அறை வாசலில் நின்று கேட்டிருக்கிறார். “என்னங்க, இன்னிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஆரம்பிச்சிட்டீங்க? அதுவும் மூணாவது பாகத்துலேர்ந்து?”

கட்டிய மனைவியே அப்படிக் கேட்டதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி “தீ, தீ” என்று அலறினான். நூற்று நாற்பத்திரண்டு படி உயரத்திலிருந்து கத்தினால் என்ன கேட்கும்? கீழே இருந்தவர்கள் கையை ஆட்டினார்கள். உடனே திரும்பி வந்து இரண்டு முழங்கைகளையும் கைப்பிடிகள் மேல் போட்டு ஒரேயடியாகக் குத்தினான். கையால், காலால், மார்பால் மோதினான், கடைசியில் ஏறி உட்கார்ந்தே குதித்தான். பதினோரு மணியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அலறின. ரொட்டிக்கடையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாராம்.

அப்போதுதான் ஊர் எழுந்தது. காடு எரிகிறது என்று யாரும் எழவில்லை, பாட்டைக் கெடுக்கிறான் என்று எழுந்தார்கள். நாற்பது ஐம்பது பேர் மணிக்கூண்டுக்குச் சண்டைக்குப் படையெடுத்தார்கள். தையல்காரர்தான் முதலில் படியேறியவர். மேலே வந்து, “என்னய்யா மணிக்காரரே, பைத்தியமா உமக்கு?” என்று அவன் சட்டையைப் பிடித்தார். அண்ணன் அவரை இழுத்துக்கொண்டு போய் மேற்கு ஜன்னலில் நிறுத்தினான். பாதி மலை புகைக்குள் இருந்தது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது நாற்பத்தேழு நிமிஷம் ஆகியிருந்தது. வந்தபிறகு நன்றாகத்தான் வேலை செய்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆறாம் பகுதியின் ஓடையோடு தீயை நிறுத்தினோம். ஐந்தாம் பகுதி போய்விட்டது. நான் பதினெட்டு வருஷமாக நடந்த இடம் அது. எந்த மரத்தில் எந்தப் பொந்து, எந்தப் பாறைக்கடியில் எத்தனை குட்டி என்று சொல்வேன். மறுநாள் போனபோது ஒரு காட்டுப்பன்றி தன் குட்டிகளின் மேல் கவிழ்ந்தபடி கரிந்து கிடந்தது. எனக்கு முன்பக்க முடி பொசுங்கியிருந்தது, இடது கையில் கொப்புளம். அதெல்லாம் ஆறிவிட்டது. பதினோரு நாள் நான் அண்ணனோடு பேசவில்லை. அவன் காலையில் போனில் கூப்பிட்டால், “புகை இல்லை” என்று சொல்லி வைத்துவிடுவேன். அதற்கு மேல் பேசினால் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது.

பன்னிரண்டாம் நாள்தான் அந்தப் பாராட்டு விழா. ஆமாம், பாராட்டு விழா! தலைவர் மைக்கைப் பிடித்து, “நம்ம மணிக்காரரோட மணியோசை இல்லேன்னா மக்கள் திரண்டிருப்பாங்களா? காடு மிஞ்சியிருக்குமா?” என்று கேட்டார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. சான்றிதழைக் கையில் திணித்தார்கள். என் அண்ணன் மைக்கின் முன்னால் போய் நின்றான்.

“என் பாட்டாலதான் காடு எரிஞ்சுது,” என்றான். “நீங்க வராதது என் தப்பு. தயவுசெஞ்சு அந்தப் பாட்டை நிறுத்திடலாம்.”

என்ன பணிவு, என்ன தன்னடக்கம் என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

அவன் இனி வாசிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். தலைவர் அவன் தோளில் தட்டி, “சிரமப்படாதீங்க, நாங்க ஏற்கெனவே பதிவு பண்ணி வெச்சாச்சு. ஒலிபெருக்கியில போட்டுக்கறோம்,” என்றார். அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு அவன் இல்லாமலே அவன் பாட்டு ஓடுகிறது. அந்த நேரத்தில் அவன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பான் என்றார் அண்ணி.

விழா நடந்த அன்று மாலையே அவன் என்னைத் தேடி மலைக்கு வந்தான். குடை இல்லை, பூட்ஸ் இல்லை. நோட்டு மட்டும் இருந்தது.

“பழைய மணி செத்துப்போச்சு,” என்றான். “பாட்டையும் நிறுத்த முடியல. புதுசா ஒரு தீ மணி வேணும். ஜனங்க என்னிக்குமே ரசிக்க முடியாததா, ஆனா எந்தப் பகுதின்னு புரியறதா இருக்கணும்.”

“நல்லாப் போடு. உனக்குச் சொல்லணுமா?” என்றேன். கோபம் தீரவில்லை.

போட்டான். முதலில் ஒன்று, நாலாம் நாள் பள்ளிப் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கிழித்துப் போட்டான். இன்னொன்று போட்டான். ரொட்டிக்கடைக்காரர் வழியில் நிறுத்தி, “புதுசு பிரமாதம், கொஞ்சம் சோகமா இருக்கு,” என்றார். அதையும் கிழித்தான். வாழ்க்கை முழுக்க நாலு பேர் நல்லா இருக்கு என்று சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தவன், இப்போது யாராவது நல்லா இருக்கு என்று சொன்னால் முகம் வெளுத்துப்போனான். எப்படிக் கோணலாக எழுதினாலும் அவன் கை போய்ச் சரியான இடத்தில் விழுந்துவிடும். இரண்டு மாதம் இப்படியே போயிற்று. நடுவில் புகை வந்தால் யாரைக் கூப்பிடுவேன்?

ஒருநாள் காலை போனில் சொன்னான். “நீ வந்து அடி.”

“நானா? எனக்கு ஒண்ணு, ரெண்டுன்னு ஒழுங்கா கைதட்டக்கூட வராதே!”

“அதான் கூப்பிடறேன்.”

நூற்று நாற்பத்திரண்டு படி ஏறினேன். மூச்சு வாங்கியது. அவன் சொன்ன இரண்டு மணிகளை, ஒவ்வொரு பகுதிக்கும் அவன் சொன்ன எண்ணிக்கையில் அடித்தேன். என் காலும் கையும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டுதான் போகும். ஒரு தட்டு முந்தி விழுந்தது, அடுத்தது எங்கேயோ தங்கி வந்தது, ஒன்று தவறிப் பக்கத்து மணியில் விழுந்தது. அண்ணன் பல்வலிக்காரனைப் போல முகத்தைச் சுளித்தான். நான் நிறுத்தினேன்.

“நிறுத்தாதே! கடவுளே, எவ்வளவு கேவலமா இருக்கு! நிறுத்தாதே!” என்று கத்திக்கொண்டே எழுதினான். என் தப்பு ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. ஐந்து வயதிலிருந்து நான் கைதட்டினால் கையைப் பிடித்துத் திருத்துகிற ஆள்.

அதன்பிறகு அதை அவன் பழக வேண்டியிருந்தது. அதுதான் பெரும்பாடு. மேசையில் கரண்டியால் தட்டித் தட்டிப் பழகினான். அண்ணி கரண்டிகளை எடுத்து ஒளித்துவைத்தார். நான் எதிரே உட்கார்ந்து, “இல்ல, அந்த இடத்துல நான் தப்பா அடிச்சேன், நீ சரியா அடிக்கறே,” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். மூன்று வாரத்தில் ஒருவழியாக என்னளவுக்குத் தேறினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மணிக்கூண்டுக்கு முன்னால் கூட்டினோம். ஏழு பகுதிக்கும் ஏழு விதமாக அடித்துக் காட்டினான். இது கேட்டால் தீ, இது எந்த நாளும் பாட்டில் வராது என்று நானே மைக்கில் சொன்னேன். தலைவர் காதில் விரலை விட்டுக்கொண்டார். தையல்காரர் வீட்டுக்கு நான் தனியாகப் போனேன். “அன்னிக்கு நீங்க எழுந்து ஓடினதுதான் சரி. சிரிச்சவங்கதான் தப்பு,” என்றேன். அவர் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பதினைந்து நாள் கழித்து, காலை பதினொன்றரை மணி. இரண்டாம் பகுதி, ஓடைக்கு மேலே. போனை எடுத்தேன்.

“ரெண்டு,” என்றேன்.

அவன் அடித்தான். என் கைத் தடுமாற்றம் ஒவ்வொன்றும், முந்தினது முந்தினபடி, தங்கினது தங்கினபடி, மலை முழுக்க வந்து மோதியது. என் வாழ்க்கையில் அவ்வளவு கண்ராவியான ஒன்றைக் கேட்டதில்லை. பைனாகுலரைப் பாதையில் வைத்தேன். ஒரு நிமிஷம், இரண்டு, மூன்று. நாலாவது நிமிஷம் வளைவில் ஒரு கம்பு தெரிந்தது. அதன் கீழே தையல்காரர். அவருக்குப் பின்னால் பத்துப் பேர், முப்பது பேர், எண்ண முடியவில்லை எனக்கு, கண்ணெல்லாம் மறைத்துவிட்டது. ஒன்பது நிமிஷத்தில் மேலே வந்துவிட்டார்கள். அரை மணியில் அணைந்துவிட்டது. இரண்டு அறை அகலத்துக்குத்தான் கரி.

முகமெல்லாம் கரியோடு நான் தகர அறைக்கு ஏறியபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“வந்தாங்களா?” என்றான். கூண்டிலிருந்து இரண்டாம் பகுதி தெரியாது.

“வந்துட்டாங்கண்ணா. அணைஞ்சிடுச்சு.”

“எத்தனை பேர்?”

“எல்லாரும்.”

பிறகு, எந்தக் காலத்திலும் கேட்காமல் இருக்க முடியாத அந்தக் கேள்வியைக் கேட்டான். “எப்படி இருந்துச்சுன்னு ஏதாவது சொன்னாங்களா?”

“திட்டறாங்க. நாராசமாம். இன்னொரு தடவை இதைக் கேக்கறதுக்குச் செவிடாவே பொறந்திருக்கலாம்னு தையல்காரர் சொல்றார்.”

அவன் அழ ஆரம்பித்துவிட்டான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. ஐம்பது வயது ஆள், போனைக் காதில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதான்.

“இதை நான் முதல்லயே போட்டிருந்தா அஞ்சாம் பகுதி இருந்திருக்குமே,” என்றான்.

நானும் அழுதேன்.

“இறங்கிப் போய்ச் சாப்பிடுண்ணா,” என்றேன். “நான் பாத்துக்கறேன்.”